கத்திரி மட்டும் வேண்டாம்

போன மாதம் ஈப்போவில் எங்கள் பழைய மூளை ஆய்வுக்கூடத்தில் ஒரு கூட்டம். ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு, காப்பியும் கறிபாப்பும் கொடுத்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவைக்கிற கூட்டம்தான். இப்போது அங்கே ஆய்வாளராக இருக்கும் கவிதா திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் ஒரு வரி பெரிதாக வந்து நின்றது: தோட்டப்புறத்திலிருந்து வந்த இந்தியர்கள் மூளை ஆய்வுகளுக்கு முன்வருவதில்லை, காரணம், பண்பாட்டு அச்சமும் மூடநம்பிக்கையும்.

என் கையிலிருந்த கறிபாப்பை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன். அறையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். யாரும் 'அப்படியா?' என்று கேட்கவில்லை. எத்தனையோ வருடமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல அது கடந்து போனது.

கூட்டம் முடிந்ததும் கவிதா என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நீங்க இருந்தப்ப தோட்டத்து ஆளுங்க நெறைய வந்தாங்களாம். பழைய படத்துலயெல்லாம் இருக்கு. இப்ப சுங்கை சிப்புட் பக்கம் போனா கதவையே சாத்துறாங்க. நீங்க எப்படி ஆள் சேர்த்தீங்க? எங்களுக்காக எழுதிக் குடுங்களேன்."

எழுதுகிறேன். ஆனால் எப்படிச் சேர்த்தேன் என்பதை அல்ல. எப்படித் துரத்தினேன் என்பதை.

நான் பிறந்ததும் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில்தான். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கினார். நான் ஈப்போவில் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். கோலாலம்பூரில் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. தொழிலைக் கற்றேன். சில ஆண்டுகள் மருத்துவமனைகளில் வேலை பார்த்துவிட்டு, பல்கலைக்கழகம் இந்தக் கூடத்தைத் தொடங்கியபோது தலைமைத் தொழில்நுட்பராகச் சேர்ந்தேன். இதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது என்னைக் காப்பாற்றவில்லை.

எங்கள் தலைவர் பேராசிரியர் டான். கோபமே வராத மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அறைக்குள் வந்தால் திரைக்கு முன் நின்று, "நம்பர்?" என்பார். தலையில் ஒட்டிய ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்தடை என்பதுதான் கேள்வி. அது ஐந்து கிலோஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தால் என் தோளைத் தட்டுவார். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் அங்கேயே நிற்பார். அந்த நிற்றலுக்கு நாங்கள் அனைவரும் பயந்தோம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. முகத்தில் அவருக்கு வேண்டியது எதுவும் இல்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு எங்கள் வேலை விளங்காது. இப்போது எலக்ட்ரோடு பதித்த தொப்பியை மாட்டினால் முடிந்தது. அன்று ஒரு முழுப் பகலும் இரவும் பதிய வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தலையில் பசைபோட்டு ஒட்ட வேண்டும். மூக்கின் அடிப்பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை அளவு நாடாவைப் பிடித்து, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்போம். அந்த இடத்தில் மயிரைப் பிரித்து, மணல் கலந்தது போன்ற ஒரு களிம்பால் தோலைத் தேய்ப்போம். கிண்ணம் போன்ற சிறு உலோகத் தகட்டை அங்கே வைத்து, அதன்மேல் துணிச் சல்லடைத் துண்டு ஒன்றைப் போட்டு, கொலோடியன் என்ற பசையில் நனைத்து, காற்றுக்குழாயால் ஊதிக் காய வைப்போம். ஈத்தர் நெடி கண்ணைக் கரிக்கும். காய்ந்துவிட்டால் துணியும் பசையும் மயிரும் சேர்ந்து ஓடு போல இறுகிவிடும். உறக்கத்தில் புரண்டாலும் வராது.

ஒட்டுவது பாதி வேலைதான். எடுப்பதில்தான் ஒரு தொழில்நுட்பர் எப்படிப்பட்டவர் என்று தெரியும். பஞ்சை அசிட்டோனில் நனைத்து ஓட்டின்மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். இளகும். கொஞ்சம் நகர்த்த வேண்டும். மீண்டும் நனைக்க வேண்டும். ஒவ்வோர் இழையாக மயிரை விடுவிக்க வேண்டும். குட்டை முடி மாணவனென்றால் விரைவில் முடியும். இடுப்புவரை பின்னல் உள்ள பெண்ணென்றால் காலைப்பொழுது முழுவதும் போய்விடும்.

எங்கள் மேசை இழுப்பறையில் துணி வெட்டும் கத்திரி ஒன்று இருந்தது. நேரம் போதாதபோது ஓட்டின் ஓரத்தில் மயிரோடு ஒரு வெட்டு வெட்டிவிடுவோம். அதை நாங்கள் 'ட்ரிம்' என்று சொல்லிக்கொண்டோம். முறைநூலில் அது கிடையாது. எல்லோரும் செய்தோம். அது மட்டுமா? நீளமான, அடர்த்தியான முடிக்குக் கூடத்தில் ஒரு பெயரும் வைத்திருந்தோம்: கஷ்டமான முடி. அந்த முடியில் என்ன கஷ்டம்? கஷ்டமெல்லாம் எங்கள் பொறுமையில்தான் இருந்தது. ஆனால் பழி முடியின்மேல்.

அந்த நாட்களில் வலிப்பு நோயுள்ள பிள்ளைகளையும் அவர்களுடைய தாய்மார்களையும் வைத்து உறக்க ஆய்வு ஒன்று நடந்தது. பிள்ளையின் பதிவைத் தலைநகரிலுள்ள நிபுணர்கள் பார்ப்பார்கள். வலிப்பு மூளையின் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால் அறுவைச் சிகிச்சைக்கு வழி உண்டா என்று சொல்வார்கள். மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உள்ள வீடுகளில் இந்தச் செய்தி தீயாகப் பரவியது. நான்தான் சுங்கை சிப்புட் தோட்டங்களுக்குப் போய் எடுத்துச் சொன்னேன். தமிழில் பேசியதால் வந்தார்கள்.

அப்படி வந்தவர் அஞ்சலை. மூடிப்போன தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மகன் செல்வாவுக்குப் பள்ளி வயது. வாரத்துக்கு இருமுறை மூன்றுமுறை விழுவான். மகனைக் கூட்டி வாருங்கள் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். அஞ்சலை தனியாக வந்து நின்றார்.

"புள்ள எங்கக்கா?"

"மொதல்ல என் தலைல வச்சுப் பாருங்கண்ணே. எனக்கு ஒண்ணும் ஆவலைன்னா அப்புறம் புள்ளைய கூட்டியாரேன்."

"ஒண்ணும் ஆவாதுக்கா. சும்மா படம் புடிக்கிற மாதிரிதான்."

"எங்க நாத்தனா சொல்லுது, 'தலைல வயரா? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பஸ்ல ஏறிட்டியாடி'ன்னு. நான் சொன்னேன், போயிட்டு வந்து சொல்றேன், ஒனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைக்கிறேன்னு." சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்து பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, சிரிப்பை நிறுத்திச் சொன்னார்:

"ஒரே ஒரு விஷயம்ண்ணே. என்ன வேணும்னாலும் ஒட்டுங்க. கத்திரி மட்டும் வேணாம். புள்ளைக்கு நோவு நிக்கணும்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டு வளக்குற முடி. கத்திரி படாம கொண்டுபோயி தைப்பூசத்துல எறக்கணும்."

பின்னால் நின்ற பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்: "என்ன சொல்கிறார்?"

நான் சொன்னேன்: "வலிக்குமா என்று கேட்கிறார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நேர்த்திக்கடன், முருகன், முடி என்று அந்த அறையில் வாய்திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கூடத்து ஆட்களில் ஒருவனாக ஆகிவிட்ட நான், என் ஆட்கள் இப்படித்தான் என்று அவர் முன் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. அஞ்சலைக்கு மலாய் நன்றாகத் தெரியும். பேராசிரியரிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். தமிழன் ஒருவன் நிற்கிறான், அவன் சொல்லிவிட்டான் என்று நம்பிப் பேசாமல் இருந்தார். "வலிக்காது என்று சொல்" என்றார் பேராசிரியர். நான் அஞ்சலையிடம், "சரின்னுட்டாருக்கா" என்றேன். ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் பொய்.

பதிவு நன்றாக வந்தது. அத்தனை அடர்ந்த முடியில் எல்லா எண்களும் ஐந்துக்குக் கீழே. பேராசிரியர் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை எடுக்கத் தொடங்கினேன். முன்பக்கத்தில் பொறுமையாகத்தான் செய்தேன். அஞ்சலை தொழிற்சாலைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று வெளியூரிலிருந்து விருந்தினர்கள் கூடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பேராசிரியர் தலையை நீட்டி, "ஆயிற்றா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து, இந்தத் தடவை கேட்காமல் நின்றார். பிறகு போனார்.

அசிட்டோன் தீர்ந்துவிட்டது, அதனால்தான் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தீரவில்லை. பாட்டில் பாதிக்குமேல் இருந்தது. விருந்தினர்கள் வரும்போது அந்த நாற்காலி காலியாக, கூடம் சுத்தமாக, நான் வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான் காரணம்.

பின்மண்டையில் நாலைந்து ஓடுகள் மீதி இருந்தன. இழுப்பறையைத் திறந்தேன். கத்திரி எடுக்கும் சத்தம் கேட்காமல் இருக்கக் காற்றுக்குழாயைத் திறந்துவிட்டேன். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. அஞ்சலை மூத்த மகளின் பிரசவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் "ம்" கொட்டிக்கொண்டே வெட்டினேன். வேரோடு ஒட்ட வெட்டினேன். மயிரும் ஓடும் குப்பைப் பையில் போயின. மேல்முடியை வாரி மூடிப் பின்னலை நானே தளரப் பின்னிவிட்டேன்.

"சியாப் ஆயிருச்சாண்ணே?"

"சியாப்க்கா. முடிஞ்சிருச்சு."

"அடுத்த வாரம் புள்ளைய கூட்டியாரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாளே வந்தார். தலையில் முக்காடு போட்டிருந்தார். தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, முக்காட்டை இறக்கி, திரும்பி நின்று காட்டினார். நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் அங்கே என்ன இருக்கும் என்று.

"யாருண்ணே வெட்டுனது?"

"வெட்டலக்கா. அது... மெஷின்ல மாட்டிக்கிச்சு. சில நேரம் அப்படி ஆவும்."

அஞ்சலை பின்மண்டையின் குட்டை முடியை விரலால் தடவிக்கொண்டார்.

"மெஷினுக்கு கத்திரி இருக்காண்ணே?"

அப்போது பேராசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தார். முகமலர்ச்சியோடு, "மகனுக்கு எப்போது?" என்று என்னிடம் கேட்டார். அஞ்சலை அவரிடம் மலாயில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பேனா என்று காத்திருப்பவர்போல நின்றார்.

"நாள் கேட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்" என்றேன் நான்.

அஞ்சலை முக்காட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். செல்வா வரவில்லை. அவன் மட்டுமல்ல, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை. பிறகு அடுத்த தோட்டத்திலிருந்தும் வரவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "என்ன அண்ணே, முடி வெட்ட வந்தீங்களா? எங்க ஊர்ல பார்பர் இருக்காருலா."

ஆய்வு பாதியில் நின்றது. அறிக்கை எழுத உட்கார்ந்த பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். "உன் ஆட்கள் ஏன் வருவதில்லை? நீதான் அவர்களை அறிந்தவன்."

நான் சொன்னேன்: "மூடநம்பிக்கை, சார். தலையைத் தொட்டால் பயம். நம் பண்பாடு அப்படி."

எழுதிக்கொண்டார். அந்த அறிக்கையைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். அதைப் பார்த்து மற்றொருவர். போன மாதம் திரையில் பெரிய எழுத்தில் நின்றதே, அது எந்த ஆய்விலும் கண்டுபிடித்தது அல்ல. வேலை போய்விடுமோ என்று பயந்து நான் சொன்ன பொய். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஒரு தோட்டத்து வீட்டுக் கதவைத் தட்டி 'ஏன் வருவதில்லை?' என்று கேட்டிருந்தால் அன்றே அது செத்திருக்கும். இத்தனை பட்டங்கள், இத்தனை கருவிகள், தலைக்குள் ஓடுகிற மின்சாரத்தை அளக்கத் தெரிந்தவர்களுக்கு வாயைத் திறந்து கேட்கத் தோன்றவில்லை. 'இந்தியர்கள்தானே, அப்படித்தான் இருப்பார்கள்' என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. எனக்கு எல்லோரையும் விட வசதியாக இருந்தது. பேராசிரியர் டானுக்கு நடந்தது இன்றுவரை தெரியாது. ஆனால் அவரும் அந்தத் தாழ்வாரத்தில்தான் நின்றார். முக்காடு போட்ட ஒரு பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால் அவருக்கும் ஏதோ புரிந்திருக்கும்.

கூட்டம் நடந்த அந்த வாரமே சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். தோட்டத்து ஆட்கள் இப்போது விலைமலிவு அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். கீழே லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கின்றன. விசாரித்து மேலே ஏறினேன். கதவைத் திறந்தது அஞ்சலைதான். நரைத்த முடி ஆண்பிள்ளைபோல ஒட்ட வெட்டியிருந்தது. உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னண்ணே, திரும்பியும் ஆள் வேணுமா?"

அந்தக் கேள்விக்கு நான் தகுதியானவன்தான். உள்ளே வரச் சொன்னார். நடுத்தர வயதை நெருங்கும் ஓர் ஆள் தரையில் உட்கார்ந்து மின்காற்றாடி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இடது கைவிரல்கள் தீப்புண்ணில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. செல்வா. சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது வலிப்பு வந்து அடுப்பின்மேல் விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

உட்காராமலே சொன்னேன். "அக்கா, அன்னைக்கு மெஷின்ல மாட்டல. நான்தான் வெட்டுனேன். நீங்க வேணாம்னு சொன்னது எனக்குத் தெரியும். பேராசிரியர்கிட்ட நான் சொல்லவே இல்ல."

"தெரியும்ண்ணே."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே தெரியும். முடிய தொட்டுப் பாத்தா கத்திரி பட்டதா, அறுந்ததான்னு பொம்பளைக்குத் தெரியாதா? நான் வந்தது யாரு வெட்டுனான்னு கேக்க இல்ல. நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"'நான்தான்க்கா, தப்பு பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அடுத்த வாரம் புள்ளைய கூட்டியாந்திருப்பேன்" என்றார் அஞ்சலை. குரலில் கோபமில்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். "முடி போனா முருகன்கிட்ட வேற சொல்லிக்கலாம்ண்ணே. அவரு தாய்க்காரி மனச பாப்பாரு. ஆனா தல மேல கைய வச்சிக்கிட்டே பொய் சொல்ற ஆள்கிட்ட புள்ளைய எப்படி விடுறது?"

"அந்த முடி..."

"கத்திரி பட்டத சாமிக்குக் குடுக்க முடியுமா? வீட்டுலயே வெட்டிப் போட்டுட்டேன். அதுலேர்ந்து வளக்கல."

செல்வா தலை நிமிராமல், "அம்மா, அங்கிள் நின்னுக்கிட்டே இருக்காரு பாரு. திட்டி முடிச்சிட்டா டீ போடவா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப புது மாத்திரை அங்கிள். முன்ன மாதிரி இல்ல. மாசத்துக்கு ஒரு வாட்டிதான்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதுபோல இருந்தது. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அன்று செல்வாவின் பதிவை எடுத்திருந்தால் அறுவைச் சிகிச்சைக்கு வழி கிடைத்திருக்குமா, கிடைத்திருக்காதா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தவன் நான்.

கவிதாவைப் பற்றிச் சொன்னேன். புதிய தொப்பிக்குப் பசை இல்லை, கத்திரி இல்லை என்றேன். அஞ்சலை டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொப்பி நல்லாத்தான் இருக்கும். அந்தப் புள்ளையும் நல்ல புள்ளயாத்தான் இருக்கும். கீழ மண்டபம் இருக்கு. ஞாயித்துக்கெழம எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. மொதல்ல நீங்க வந்து நில்லுங்க. என்ட்ட சொன்னத எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அப்புறம் அந்தப் புள்ள பேசட்டும். வாரவங்க வரட்டும்."

"வாரேன்க்கா."

"வந்தா பாக்கலாம்" என்றார். அவர் என்னை நம்பவில்லை. நம்புவதற்கு நான் எந்தக் காரணமும் கொடுத்ததில்லை.

கவிதா, நீ கேட்ட வழிமுறை இதுதான். ஞாயிறு என்னோடு வா. அதற்குமுன் உன் திரையில் இருக்கிற அந்த வரியை அடித்துவிடு. அடிக்க மேலிடம் சம்மதிக்கவில்லையென்றால், தோட்டத்து மக்கள் வராததற்குக் காரணம் என்று எழுதியிருக்கும் இடத்தில் என் பெயரைப் போடு. முழுப் பெயரையும் போடு. நான் மறுக்கமாட்டேன்.